குழந்தையை இரவில் அமைதியாகத் தூங்கவைப்பது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

45-ஆம் நாள் தடுப்பூசியில் தொடங்கி ஒன்பதாம் மாத ஊசி வரைக்கும், குழந்தையின் தூக்கத்தைப் பற்றிப் பெற்றோரும் பாட்டிகளும் கேட்பவை பெரும்பாலும் இந்தச் சந்தேகங்கள்தான். கேள்விகள் அவர்கள் கேட்டபடியே இருக்கின்றன. பதில்கள், நிறைமாதத்தில் பிறந்து ஆரோக்கியமாக இருக்கும், ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கானவை. குறைமாதத்தில் பிறந்த குழந்தை என்றால், பிரசவத்துக்குக் குறித்த தேதியிலிருந்து வயதை எண்ணிக்கொள்ளுங்கள்.

"பொறந்து இருபது நாள்தான் ஆகுது. பகல் பூரா தூங்குது, ராத்திரி பூரா முழிச்சிருக்கு. இப்பவே பழக்கணுமா?"

இப்போது பழக்க முடியாது, முயலவும் வேண்டாம். இரவு வந்துவிட்டது என்று உடலுக்குச் சொல்லும் மெலடோனின், குழந்தைக்கு ஏறக்குறைய மூன்றாம் மாதத்தில்தான் ஒழுங்காகச் சுரக்கத் தொடங்கும். அதுவரை நாளொன்றுக்கு 14 முதல் 17 மணி நேரம் தூங்கினாலும் துண்டு துண்டாகத்தான் தூங்கும். 2 அல்லது 3 மணி நேரத்துக்கு ஒருமுறை பசித்து எழும். பிறந்தபோது இருந்த எடையைத் திரும்ப எட்டும் வரை (பெரும்பாலும் 10 முதல் 14 நாள்), 3 மணி நேரத்துக்கு மேல் தூங்கினால் நீங்களே எழுப்பிப் பால் கொடுங்கள்.

பகலுக்கும் இரவுக்கும் வித்தியாசம் காட்டுவதை மட்டும் இன்றே ஆரம்பிக்கலாம். பகலில் ஜன்னல் திறந்திருக்கட்டும், மிக்ஸி ஓடட்டும், பேச்சுச் சத்தம் இருக்கட்டும். இரவில் பால் கொடுக்க எழும்போது டியூப்லைட்டைப் போடாமல் மஞ்சள் அல்லது சிவப்பு நிற விடிவிளக்கு வெளிச்சத்திலேயே வேலையை முடியுங்கள். கொஞ்சல் வேண்டாம். மலம் கழித்திருந்தாலோ நன்றாக நனைந்திருந்தாலோ மட்டும் டயப்பரை மாற்றுங்கள். 6 முதல் 8 வாரம் ஆனதும் அடுத்த பதிலில் உள்ள வரிசைக்கு வரலாம்.

"சரி, என்னென்ன செய்யணும்? வரிசையா சொல்லுங்க."

5 மாதக் குழந்தை 8 மணி வாக்கில் தூங்க வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். 7:20-க்கு டிவியை நிறுத்திப் பெரிய விளக்கை அணைத்துவிடுங்கள். வெதுவெதுப்பான நீரில் பிழிந்த மெல்லிய துணியால் முகம், கழுத்து மடிப்பு, அக்குள், தொடை இடுக்கு என்று துடையுங்கள். கழுத்து மடிப்பில் பால் தங்கிப் புளித்து, புண்ணாகி, குழந்தை காரணம் தெரியாமல் சிணுங்குவது அடிக்கடி நடக்கிறது. அடுத்து டயப்பர், ஒற்றைப் பருத்திச் சட்டை. 7:40-க்கு அதே அறையில், அதே இடத்தில் உட்கார்ந்து பால். பிறகு 5 முதல் 10 நிமிடம் தோளில் நிமிர்த்திப் பிடித்து ஏப்பம் விடவையுங்கள். அந்த நேரத்தில் தினமும் ஒரே தாலாட்டு. முழுத் தாலாட்டு தெரியாவிட்டால் "ஆராரோ ஆரிராரோ" என்று முனகினாலே போதும். கண் சொருகும்போது படுக்கையில் மல்லாத்திப் போடுங்கள்.

இதில் எதைச் செய்கிறீர்கள் என்பதைவிட, தினமும் அதே வரிசையில் செய்கிறீர்களா என்பதுதான் முக்கியம். துடைத்தால் பால் வரும், பால் முடிந்தால் பாட்டு வரும், பாட்டு வந்தால் தூக்கம் என்று குழந்தை அடுத்ததை எதிர்பார்க்கக் கற்றுக்கொள்கிறது. 2009-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், 7 முதல் 36 மாதம் வரையுள்ள குழந்தைகளின் தாய்மார்கள் 405 பேர் கலந்துகொண்டார்கள். குளியல், உடலைத் தடவிவிடுதல், அமைதியான நேரம் என்ற மூன்று படிகளை இரண்டு வாரம் தினமும் செய்த வீடுகளில் குழந்தைகள் சீக்கிரம் தூங்கினார்கள், இரவில் விழிப்பதும் குறைந்தது. உங்கள் மூன்று படிகள் வேறாக இருக்கலாம். ஆனால் மொத்தம் 45 நிமிடத்தைத் தாண்ட வேண்டாம். நீட்டிக்கொண்டே போனால் தூக்கம் வரும் நேரமே தவறிவிடும்.

"எத்தனை மணிக்குத் தூங்கவைக்கிறது? எங்க வீட்ல எல்லாருமே பதினொரு மணிக்குத்தான் படுப்போம்."

கடிகாரத்தை விட, கடைசியாக எழுந்து எவ்வளவு நேரம் ஆயிற்று என்று பாருங்கள். 2 மாதக் குழந்தையால் ஏறக்குறைய ஒரு மணி நேரம், அதிகம் போனால் ஒன்றரை மணி நேரம் விழித்திருக்க முடியும். 4 மாதத்தில் ஒன்றரை முதல் 2 மணி, 6 மாதத்தில் 2 முதல் 3 மணி, 10 மாதத்துக்கு மேல் 3 முதல் 4 மணி. மாலைத் தூக்கம் முடிந்து எழுந்த நேரத்தோடு இதைக் கூட்டி, அதற்கு அரை மணி முன்னதாக வரிசையைத் தொடங்குங்கள்.

பெரியவர்களோடு பதினொரு மணி வரை விழித்திருக்கும் குழந்தை காலை ஒன்பது மணி வரை தூங்கி ஈடுகட்டும் என்று நினைப்பார்கள். சில குழந்தைகள் அப்படித் தூங்கும். பெரும்பாலானவை வெளிச்சத்துக்கும் சத்தத்துக்கும் ஆறரை, ஏழுக்கே எழுந்துவிடும். 4 மாதம் முதல் ஒரு வயது வரை பகலும் இரவும் சேர்ந்து 12 முதல் 16 மணி நேரத் தூக்கம் தேவை. அந்தக் கணக்கு நிறைந்தால் ஒன்பது மணிக்குத் தூங்குவதில் தவறில்லை.

"கண்ணைக் கண்ணைக் கசக்குது. ஆனா படுக்கவைச்சா வீல்னு கத்துது. தூக்கம் வந்தா தூங்க வேண்டியதுதானே?"

கண்ணைக் கசக்கிக் காதை இழுக்கும்போதே கொஞ்சம் தாமதமாகிவிட்டது. அதற்கு முன் வரும் அறிகுறிகளைப் பிடிக்க வேண்டும். பார்வை ஓரிடத்தில் நிலைக்கும், கைகால் ஆட்டுவது குறையும், பொம்மையைக் காட்டினால் முகத்தைத் திருப்பும், புருவத்துக்கு மேல் லேசாகச் சிவக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் விழித்திருக்க உதவும் ஹார்மோன்கள் உடலில் கூடி, களைத்த குழந்தை துடிப்பாகி அழுகிறது. இதைப் பார்த்து "இன்னும் தூக்கம் வரலை" என்று மறுபடி விளையாட்டுக் காட்டுவதுதான் பல வீடுகளில் நடக்கும் தவறு.

அப்படி ஆகிவிட்டால் வரிசையைச் சுருக்குங்கள். இருட்டான அறை, பால், தோளில் சாய்த்து மெதுவான நடை, அவ்வளவுதான். மறுநாள் 20 நிமிடம் முன்னதாகத் தொடங்குங்கள். பிறந்த 6-ஆம் வாரத்தை ஒட்டி மாலை தோறும் காரணமில்லாமல் அழுவது இதிலிருந்து வேறுபட்டது. அது 3, 4 மாதத்தில் தானாகக் குறையும்.

"ராத்திரி குளிப்பாட்டினா சளி பிடிக்காதா? எண்ணெய், சாம்பிராணி எல்லாம் போடலாமா?"

சளி கிருமியால் வருவது, குளியலால் அல்ல. ஆனால் ஈரத்தோடு காற்றில் கிடந்தால் குழந்தைக்குச் சீக்கிரம் குளிரும். முழங்கையை நீரில் வைத்தால் இதமாக இருக்க வேண்டும், சூடாகத் தெரியக் கூடாது. 5 நிமிடத்தில் முடித்து, தலையை முதலில் துவட்டுங்கள். தினமும் குளியல் அவசியமில்லை. குளித்தால் உற்சாகமாகிவிடும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் குளியலைக் காலைக்கு மாற்றிவிட்டு, இரவில் துடைத்துவிடுங்கள்.

ஒன்றிரண்டு டீஸ்பூன் தேங்காய் எண்ணெயை உள்ளங்கையில் சூடேற்றி, கால், வயிறு, மார்பு, முதுகு என்று மெதுவாகத் தடவலாம். பாலுக்கு முன்னால் செய்யுங்கள், அல்லது பால் கொடுத்து முக்கால் மணி நேரம் கழித்துச் செய்யுங்கள். மூக்கிலும் காதிலும் எண்ணெய் விடுவதை மட்டும் அடியோடு நிறுத்துங்கள். மூக்கில் விட்ட எண்ணெய் நுரையீரலுக்குப் போய் நிமோனியா வரவழைக்கும். சாம்பிராணிப் புகையைக் குழந்தைக்குக் காட்ட வேண்டாம். பிஞ்சு மூச்சுக்குழாயில் அது வெறும் எரிச்சல்தான். தலை காயத் துண்டு போதும்.

"தூளியில போட்டாத்தான் தூங்குது. தூளி ஆபத்துன்னு சொல்றாங்களே, நாங்க எல்லாரும் அதுலதானே வளர்ந்தோம்?"

தூளியில் கிடைக்கும் ஆட்டமும் அணைப்பும் குழந்தையை அமைதிப்படுத்துவது உண்மை. கவலை, தூங்கிய பின் உடல் இருக்கும் நிலையைப் பற்றியது. துணியின் வளைவில் முதுகு வில்லாக வளைந்து, தாடை நெஞ்சில் வந்து ஒட்டுகிறது. கழுத்து நிற்காத குழந்தையால் தலையைத் தூக்கி மூச்சுக்குழாயைத் திறந்துகொள்ள முடியாது. சத்தமே இல்லாமல் மூச்சு குறையும். துணி முகத்தில் மூடிக்கொள்வதும் உண்டு. அதனால் தூளி தூங்கவைக்க மட்டும், தூங்குவதற்குத் தட்டையான படுக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஆட்டும் வரை பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருந்து, முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

கட்டும்போது கவனிக்க வேண்டியவை: பழைய பருத்திச் சேலை நல்லது, ஆனால் வெளிச்சத்துக்கு எதிரே விரித்துப் பிடித்து, இழை நைந்திருக்கிறதா என்று மாதம் ஒருமுறை பாருங்கள். சிந்தெடிக் சேலையில் முடிச்சு வழுக்கும். துணி மூடிக்கொள்ளாமல் விரித்துவைக்கத் தூளிக்கட்டை போடுங்கள். கொக்கி விட்டத்திலோ கான்கிரீட்டிலோ இறங்கியிருக்க வேண்டும், பால்ஸ் சீலிங்கில் அல்ல. குழந்தையின் முதுகுக்கும் தரைக்கும் ஒரு அடிக்கு மேல் வேண்டாம், கீழே பாய் இருக்கட்டும். ஸ்பிரிங் தொட்டிலாக இருந்தால் சுருளுக்குள் விரல் போகாதபடி உறை தேவை. குழந்தை குப்புற விழத் தொடங்கியதும் தூளியை நிறுத்துங்கள். ஆளில்லாத நேரத்தில் அவிழ்த்து வைப்பதும் முக்கியம். வீட்டிலுள்ள பெரிய பிள்ளைகள் ஆடப்போய்க் கழுத்தில் சுற்றிக்கொண்ட விபத்துகள் நடந்திருக்கின்றன.

மாற்றும்போது விழித்துக்கொள்கிறது என்பார்கள். தூங்கியவுடன் எடுத்தால் விழிக்கத்தான் செய்யும். 15 முதல் 20 நிமிடம் கழித்துக் கையைத் தூக்கி விட்டுப் பாருங்கள், துவண்டு விழுந்தால் ஆழ்ந்த தூக்கம். அப்போது எடுத்து, முதலில் பிட்டம், பிறகு முதுகு, கடைசியில் தலை என்று படுக்கையில் இறக்குங்கள். தலை முதலில் இறங்கினால் கீழே விழுவதுபோல் உணர்ந்து கையை விரித்து விழிக்கும். மார்பில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்திருந்துவிட்டு மெல்ல எடுங்கள்.

"குப்புறப் போட்டா அசையாம தூங்குது. மல்லாத்திப் போட்டா பால் கக்கிப் புரையேறிடும்னு அத்தை சொல்றாங்க."

ஒரு வயது வரை ஒவ்வொரு தூக்கத்துக்கும் மல்லாத்தித்தான் போட வேண்டும். இதில் விட்டுக்கொடுக்க இடமில்லை. அமெரிக்காவில் 1994-இல் இதற்கென்று ஒரு பிரசாரம் தொடங்கிய பின், தூக்கத்தில் காரணம் தெரியாமல் இறக்கும் குழந்தைகளின் எண்ணிக்கை ஏறக்குறையப் பாதியாகக் குறைந்தது. அசையாமல் தூங்குவது என்பது எளிதில் விழிக்க முடியாமல் போவதும்தான்.

புரையேறும் பயமும் தேவையில்லை. மல்லாந்து படுக்கும்போது மூச்சுக்குழாய் மேலேயும் உணவுக்குழாய் கீழேயும் இருக்கின்றன. கக்கிய பால் மேலேறி மூச்சுக்குழாய்க்குள் போவது கடினம். குப்புறப் படுக்கும்போதுதான் மூச்சுக்குழாய் கீழே வருகிறது. குழந்தை தானே இரு பக்கமும் புரளக் கற்றுக்கொண்ட பிறகு, மல்லாத்திப் போட்டதும் அதுவாகக் கவிழ்ந்தால் திருப்பிக்கொண்டிருக்க வேண்டியதில்லை. அந்த வயதிலும் அதற்கு முன்பும் படுக்கையில் தலையணை, போர்வை, பொம்மை எதுவும் இருக்கக் கூடாது. தலை உருண்டையாக வரவேண்டும் என்று வைக்கும் கடுகுத் தலையணையும் இதில் சேர்த்தி. அதற்குப் பதிலாக, விழித்திருக்கும்போது நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கக் குப்புறப் போட்டு விளையாட விடுங்கள்.

துணியில் சுற்றித் தூங்கவைப்பவர்கள், குப்புற விழ முயலும் முதல் நாளே அதை நிறுத்திவிடுங்கள். அதுவரையும் இடுப்பும் காலும் தாராளமாக மடங்கும்படி சுற்றுங்கள்.

"எங்ககூடவே பாயில படுக்கவைக்கலாமா?"

முதல் 6 மாதமாவது ஒரே அறையில் இருப்பது நல்லது. ஆனால் குழந்தைக்குத் தனி விரிப்பு வேண்டும், உங்கள் பாய்க்குப் பக்கத்தில், கை எட்டும் தூரத்தில். தரையில் பாய் விரித்து, மேலே இறுக்கமாக மடித்த பருத்தி விரிப்பு போட்டால் போதும். கை வைத்தால் உள்ளே குழியும் மெத்தை வேண்டாம்.

ஒரே படுக்கைதான் என்றால், அடுத்த வரியைக் கட்டாயம் படியுங்கள். குறைமாதம் அல்லது எடை குறைந்த குழந்தை, 4 மாதத்துக்கு உட்பட்ட குழந்தை, புகைபிடிப்பவரோ மது அருந்தியவரோ தூக்கம் வரவைக்கும் மாத்திரை போட்டவரோ படுக்கும் படுக்கை: இவற்றில் ஆபத்து மிகவும் அதிகம். சோபாவில் குழந்தையை மார்பில் போட்டுக்கொண்டு கண்ணயர்வது எந்த நிலையிலும் கூடாது.

"ஏசி போடலாமா? கொசுவுக்கு என்ன செய்றது?"

போடலாம். 25, 26 டிகிரியில் வைத்து, காற்று நேரே படாத இடத்தில் படுக்கவையுங்கள். மின்விசிறியும் நல்லதுதான். குளிர்கிறதா என்று அறியக் கைகாலைத் தொட வேண்டாம், அவை இயல்பாகவே சில்லென்றிருக்கும். பிடரியிலும் மார்பிலும் தொட்டுப் பாருங்கள். அங்கே வியர்த்திருந்தால் உடை அதிகம். சென்னை வெயிலிலும் குல்லா, சாக்ஸ், ஸ்வெட்டர் போட்டு மூடிய குழந்தைகள் இரவெல்லாம் அழுவதற்குப் பல நேரம் இதுதான் காரணம். தூங்கும்போது குல்லா கூடாது.

கொசுவுக்கு வலைதான். விளிம்பை விரிப்புக்கு அடியில் நன்றாகச் செருகுங்கள், முகத்தில் சரியக் கூடாது. கொசுவர்த்திச் சுருள் குழந்தை இருக்கும் அறையில் வேண்டவே வேண்டாம்.

"பால் குடிச்சிக்கிட்டே தூங்கிடுது. இது கெட்ட பழக்கமா?"

முதல் சில மாதங்களில் இது இயற்கை. இரவில் சுரக்கும் தாய்ப்பாலில் மெலடோனின் இருக்கிறது. குற்ற உணர்ச்சி வேண்டாம். 5, 6 மாதத்துக்குப் பின், ஒவ்வொரு விழிப்புக்கும் பால் இருந்தால்தான் மறுபடி தூங்கும் என்று ஆகி, நீங்கள் சோர்ந்துபோனால் மட்டும் மாற்றுங்கள். அதற்கு வழி, இரண்டாம் பதிலில் உள்ள வரிசையில் பாலை ஒரு படி முன்னே நகர்த்துவது. பால், பிறகு துடைப்பது, உடை, பாட்டு. குழந்தை லேசாக விழித்தபடி படுக்கைக்கு வரும்.

பாட்டிலை வாயில் வைத்தபடி தூங்கவிடுவது வேறு விஷயம். பல் முளைத்த பிறகு வாயில் தங்கும் பால் முன்பற்களை அரிக்கும். புரையேறவும் வாய்ப்புண்டு.

"ராத்திரி கேழ்வரகுக் கூழ் கொடுத்தா விடிய விடிய தூங்குமாமே? வசம்பு, கிரைப் வாட்டர்?"

6 மாதம் முடியும் வரை தாய்ப்பால் மட்டும், தண்ணீர்கூட வேண்டாம். கூழ் கொடுத்தால் நீண்ட நேரம் தூங்கும் என்பது சரியல்ல, பசி மட்டும் இரவு விழிப்புக்குக் காரணமல்ல. 6 மாதத்துக்குப் பிறகு கூழை மாலை ஆறு, ஆறரைக்குள் கொடுத்துவிடுங்கள். படுக்கும் நேரத்தில் கொடுத்தால் வயிறு உப்பி அழும்.

வசம்பு உரைத்துக் கொடுப்பதும் கிரைப் வாட்டரும் தேவையில்லை. ஒரு வயது வரை தேன் நாக்கில் தடவவும் கூடாது, அதிலுள்ள கிருமி தசைகளைச் செயலிழக்கச் செய்யும் போட்டுலிசம் நோயை உண்டாக்கலாம். தூக்கத்துக்காகச் சளி மருந்து கொடுப்பது மிக ஆபத்து. குளோர்பெனிரமைனும் பினைல்எஃப்ரினும் சேர்ந்த சளி மருந்தை 4 வயதுக்குக் கீழ் கொடுக்கக் கூடாது என்று உறையில் அச்சிடும்படி, இந்திய மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2023 டிசம்பரில் உத்தரவிட்டது.

"மூணு மாசம் வரைக்கும் நல்லா தூங்கினான். நாலாம் மாசம் எல்லாம் கெட்டுப்போச்சு. திருஷ்டியா?"

வளர்ச்சி. தூக்கத்தின் அமைப்பு இந்த வயதில் பெரியவர்களுடையதைப்போல் மாறுகிறது. ஏறக்குறைய 50, 60 நிமிடத்துக்கு ஒருமுறை தூக்கம் லேசாகி, குழந்தை பாதி விழிக்கும். அப்போது முனகும், முறுக்கும், கண்ணைக்கூடத் திறக்கும். உடனே தூக்கினால் முழுதாக எழுப்பிவிடுவோம். ஒன்றிரண்டு நிமிடம் பொறுங்கள், பல நேரம் தானே தூங்கிவிடும். அழுகை கூடினால் தூக்குங்கள். வரிசையை மாற்றாமல் இருந்தால் சில வாரங்களில் அடங்கும்.

எட்டு, ஒன்பது மாதத்தில் இன்னொரு முறை வரும். அம்மா கண்ணிலிருந்து மறைந்தாலே அழும் வயது அது. பகலில் துணிக்குப் பின்னால் ஒளிந்து வெளியே வரும் விளையாட்டு நிறைய விளையாடுங்கள். தூங்கியபின் சொல்லாமல் நழுவிப் போகாமல், "அம்மா இங்கேதான் இருக்கேன்" என்று சொல்லிவிட்டு நகருங்கள்.

"அழட்டும்னு விட்டா தானா பழகிடும்னு வீடியோவுல சொல்றாங்க. செய்யலாமா?"

6 மாதத்துக்குக் கீழ் வேண்டாம். அந்த வயதில் அழுகைக்குப் பசி, வலி, சூடு என்று ஏதோ ஒன்று இருக்கும். அதற்கு மேல், படிப்படியாக விலகும் முறைகள் தீங்கு செய்வதாகத் தெரியவில்லை. ஆஸ்திரேலியாவில் 7 மாதக் குழந்தைகளிடம் தொடங்கி 6 வயது வரை தொடர்ந்த ஓர் ஆய்வு 2012-இல் வெளியானது. பாதிப்பு எதுவும் அதில் காணப்படவில்லை.

ஒரே அறையில் எல்லோரும் படுக்கும் நம் வீடுகளுக்குப் பொருந்துவது, பக்கத்தில் உட்காரும் முறை. முதல் மூன்று நாள் தட்டிக்கொடுங்கள். அடுத்த மூன்று நாள் கை மட்டும் மேலே இருக்கட்டும். பிறகு கையை எடுத்துவிட்டுப் பக்கத்தில் இருங்கள், பிறகு கொஞ்சம் தள்ளி. தாங்க முடியாமல் அழுதால் ஒரு படி பின்னால் போங்கள். காய்ச்சலோ பல் முளைக்கும் வலியோ இருக்கும் வாரத்தில் தொடங்காதீர்கள்.

"ஒரே ரூம்தான். எட்டு மணிக்கு சீரியல் ஓடும், அவர் ஒன்பது மணிக்குத்தான் வருவார்."

முழு அமைதி தேவையில்லை. திடீரென ஏறி இறங்கும் சத்தமும், கண்ணில் அடிக்கும் வெளிச்சமும்தான் கெடுக்கின்றன. டிவியை மறைக்கும்படி ஒரு சேலையைத் திரையாகக் கட்டி, சத்தத்தைக் குறைத்தால் பெரியவர்களும் பார்க்கலாம். மின்விசிறியின் சீரான ஓசை மற்ற சத்தங்களை மூடும்.

அப்பா வரும் வரை விழித்திருக்கவைத்துத் தூக்கிப்போட்டு விளையாடினால், தூங்க பதினொரு மணி ஆகும். காலை எழுந்ததும் முதல் அரை மணியை அவருக்குக் கொடுங்கள். அல்லது மாலைத் தூக்கத்தைச் சற்றுத் தள்ளி, வரிசையை ஒன்பதுக்குத் தொடங்கி, பாட்டை அவர் பாடட்டும்.

"எப்ப டாக்டர்கிட்ட காட்டணும்?"

தூங்கும்போது குறட்டை தினமும் வந்தால், மூச்சு விட்டுவிட்டு வந்தால், விலா எலும்புக்கு இடையே தோல் உள்ளிழுத்தால், உதடு நீலமானால், எடை ஏறாவிட்டால், எழுப்பியும் பால் குடிக்காமல் சோர்ந்து கிடந்தால் தாமதிக்காதீர்கள். மூச்சுத் திணறலும் நீலமும் அவசர நிலை. 108-ஐ அழையுங்கள். 3 மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு 100.4 ஃபாரன்ஹீட் காய்ச்சல் என்றால் இரவானாலும் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.

"நான் வேலைக்குப் போறேன். பகல்ல அம்மா மடியில போட்டு ஆட்டித் தூங்கவைக்கிறாங்க. ராத்திரி என்கிட்ட தூங்க மாட்டேங்குது. அம்மாவை மாத்தச் சொல்லணுமா?"

வேண்டாம். பாட்டிக்கு ஒரு முறை, அம்மாவுக்கு ஒரு முறை என்று குழந்தை பிரித்துப் புரிந்துகொள்ளும். பாட்டியிடம் கேட்டுக்கொள்ள வேண்டியவை இரண்டுதான். தூங்கியதும் மடியிலிருந்து தட்டையான விரிப்புக்கு மாற்றுவது ஒன்று. மாலைத் தூக்கத்தை ஐந்தரைக்குள் முடித்து எழுப்பிவிடுவது இன்னொன்று. ஏழு மணி வரை தூங்கிய குழந்தை எட்டரைக்குத் தூங்காது, அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை.

வேலை முடிந்து வந்ததும் 20 நிமிடம் கைப்பேசியை ஒதுக்கிவைத்துக் குழந்தையோடு மட்டும் இருங்கள். பகல் முழுக்கப் பார்க்காத அம்மாவை விட்டுவிட மனமில்லாமல்தான் இரவில் தூக்கத்தைத் தள்ளிப்போடுகிறது. வரிசை தொடங்கும் முன் அந்த நேரம் கிடைத்துவிட்டால், துடைத்து, பால் கொடுத்து, பாடும்போது தகராறு குறையும். வாரக்கடைசியிலும் அதே நேரத்துக்கே தொடங்குங்கள்.